கழிமுகத்தில் எல்லா உயிரும் இருக்கிறதே, பிறகு என்ன குறை?

வாசகர் கேள்வி: 2025 பிப்ரவரி 2, காலை

வட சென்னையின் எண்ணூர்க் கழிமுகம் அழிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அண்மையில் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். கூழைக்கடா இருக்கிறது, கொக்கும் நாரையும் இருக்கின்றன, கரையில் அலையாத்தி பச்சைப் பசேலென்று நிற்கிறது, தூண்டிலில் மீனும் மாட்டுகிறது. பாடப் புத்தகத்து உணவுச் சங்கிலியில் எந்தக் கண்ணி அங்கே இல்லை? எல்லாம் இருக்கும்போது சூழல்மண்டலம் கெட்டுவிட்டது என்பதற்கு என்ன பொருள்?

பிப்ரவரி 2, இரவு

இது நியாயமான கேள்வி. நான் எர்ணாவூரில் பிறந்தவள், மேனிலை வகுப்புக்கு விலங்கியல் கற்பிப்பவள். இதே கேள்வியை மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள், ஏனென்றால் நாம் சூழலியலைப் படமாகக் கற்றுக்கொடுக்கிறோம்: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு, நடுவே அம்புக்குறிகள். தேர்வில் உயிர்களின் பெயரைக் கேட்கிறோம், அம்புக்குறியைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் படத்தின் பொருள் முழுவதும் அம்புக்குறியில்தான் அடங்கியிருக்கிறது. எவ்வளவு போகிறது, எவ்வளவு விரைவாகப் போகிறது, எங்கே தடைபடுகிறது என்று பாராமல் உயிர்களை மட்டும் எண்ணுவது, வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் பாடம் நடந்தது என்று முடிவுகட்டுவதற்குச் சமம்.

இன்னொன்று. 1935ஆம் ஆண்டு ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் சூழல்மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தபோது, உயிர்களை ஒரு பக்கமும் மண், நீர், உப்பு, வெப்பம் ஆகியவற்றை இன்னொரு பக்கமும் வைக்காமல், இரண்டும் சேர்ந்து இயங்குவதையே ஓர் அலகாகக் கொள்ள வேண்டும் என்றார். நீங்கள் பாலத்திலிருந்து பார்த்த பட்டியலில் உயிருள்ள பாதி மட்டுமே இருக்கிறது. எண்ணூருக்கு மற்ற பாதி என்பது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும், கொசஸ்தலையாறு கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரத்தின் அகலம், நீரின் ஆழம், அடியில் கிடக்கும் சேறு. இவை பாலத்தின் மேலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிப்ரவரி 3

அம்புக்குறி என்றேன். எந்த அம்புக்குறி என்று சொல்லியிருக்க வேண்டும்.

புல்லிலிருந்து தொடங்கும் சங்கிலி கழிமுகத்தில் சிறுபான்மை. அலையாத்தி இலையை மரத்தில் இருக்கும்போதே தின்பவை மிகக் குறைவு, அதில் உப்பும் துவர்ப்பும் அதிகம். இலை பழுத்து விழுந்த பிறகுதான் அதற்கு மதிப்பு வருகிறது. விழுந்த இலையை நண்டு கிழிக்கிறது, துண்டுகளின் மேல் பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்கின்றன, அப்படிப் படர்ந்து வளரும்போது அந்தத் துணுக்கில் புரதத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. புழுவும் இறாலும் மடவை மீனும் தின்பது இந்த மட்கிய துணுக்குகளைத்தான். வெறும் இலை அவற்றுக்குப் பயன்படாது, அதன்மேல் படர்ந்த நுண்ணுயிர்தான் உணவு. பாடப் புத்தகத்தில் சிதைப்பவை என்று கடைசியில் ஓரமாகப் போட்டிருக்கும் பெட்டி, இங்கே முதல் பெட்டி.

இதை நேரில் பார்க்க விரும்பினால் காசிமேட்டில் முழு மடவையாக ஒன்று வாங்கி வீட்டில் நீங்களே அறுத்துப் பாருங்கள். குடலோடு சேர்ந்து, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியதாக, விரலால் அழுத்தினால் நசுங்காத ஒரு தசை உருண்டை வரும். அது அதன் இரைப்பையின் ஒரு பகுதி, கோழிக்கு இருப்பது போன்ற அரைவைப்பை. நடுவே கீறினால் தடித்த சுவரும், உள்ளே நறநறவென்று மணலும், அந்த மணலோடு குழைந்த பச்சையும் கறுப்புமான பசையும் இருக்கும். மடவை சேற்றின் மேல்தோலை மணலோடு உறிஞ்சி, அந்த மணலையே கல்லாக வைத்து நுண்பாசியையும் துணுக்குகளையும் அரைத்துச் செரிக்கிறது. கொடுவா அந்த மடவையைத் தின்கிறது. ஆகவே நம் தட்டில் இருக்கும் கொடுவாத் துண்டுக்கு அடித்தளம், பார்ப்பதற்கு அருவருப்பாகத் தோன்றும் அந்தச் சேற்றின் மேல்தோல். அதன்மேல் சாம்பலோ எண்ணெயோ படிந்தால் மரமும் மீனும் பறவையும் பட்டியலில் அப்படியே இருக்கும், அவற்றுக்கு இடையில் போக வேண்டியது போகாது.

பிப்ரவரி 3, இரவு

ஒருவர் கேட்கிறார்: சேறே நாறுகிறதே, அது மாசு இல்லையா?

அழுகிய முட்டை வாடையை வைத்து மட்டும் மாசு என்று சொல்லிவிட முடியாது. எந்த ஆலையும் இல்லாத நல்ல அலையாத்திக் காட்டின் சேறும் அப்படித்தான் மணக்கும். சேற்றுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் இயல்பாகவே இருக்கும் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன, அதன் கழிவாக ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படுகிறது, அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. ஒரு கத்தியால் சேற்றைச் செங்குத்தாக வெட்டிக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலே மெல்லிய பழுப்புப் பட்டை, கீழே மைக்கறுப்பு என்று இரண்டு நிறம் தெரியும். கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டுக் கறுப்பு மங்கிச் சாம்பல்பழுப்பாகத் தொடங்கும். நண்டு வளை ஒன்றை ஒட்டி வெட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும்: வளையின் சுவரைச் சுற்றிலும் பழுப்பு வளையம், அதற்கு அப்பால் கறுப்பு. வளை வழியாக ஏற்றநீர் இறங்கி ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோயிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே வாடையைவிட அந்தப் பழுப்புப் பட்டையின் தடிமனும் வளைகளின் எண்ணிக்கையும் அதிகம் சொல்லும். ஆலைகள் நிறைந்த மணலியின் காற்றில் இரவில் வரும் நெடி வேறு, இதோடு அதைக் கலக்கக் கூடாது.

பிப்ரவரி 4

கூழைக்கடா இருப்பதை இரண்டு பேர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பறவை பறக்கும். பழவேற்காடு ஏரி வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் அங்கே இரைதேடிய பறவை மாலையில் இங்கே நிற்கலாம். அது இங்கே என்ன தின்றது, எவ்வளவு நேரம் தேடித் தின்றது என்று பார்த்தால்தான் அதற்குச் சான்று மதிப்பு. ஆழம் குறைந்த நீரில் மீன் ஒதுங்க இடமில்லாமல் கூட்டமாக நிற்கும்போதும் பறவைகள் நிறைய வரும். அதைச் செழிப்பு என்று நாம் படித்துவிடுகிறோம்.

பிப்ரவரி 6

ஒரு மட்டத்து ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த மட்டத்துக்குப் போகும் என்ற பத்து விழுக்காடு விதியை வைத்து ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார்: ஆயிரம் கிலோ பாசி, நூறு கிலோ சிற்றுயிர், பத்து கிலோ மடவை, ஒரு கிலோ கொடுவா. கணக்கு சரி, ஆனால் அதை எடைக்கணக்காக நினைப்பதில் சிக்கல் இருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடார் பாக் என்ற சிறு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன், உயிர்களை இனவாரியாகப் பார்ப்பதற்குப் பதிலாக அவற்றுக்கு இடையே கைமாறும் ஆற்றலைக் கணக்கிட்டார். 1942இல் அந்தக் கட்டுரை அச்சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 26ஆம் வயதில், நோயால் இறந்துபோனார். சூழலியலின் போக்கையே திருப்பிய ஒரு கட்டுரையை அதை எழுதியவர் அச்சில் பார்க்கவில்லை என்பது ஒவ்வொரு முறை பாடம் நடத்தும்போதும் என்னைத் தொடுகிறது. பத்து என்பது பின்னால் நிலைபெற்ற சராசரி. உண்மையில் ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போவது இடத்துக்கு இடம் 5 முதல் 20 விழுக்காடு வரை மாறும். மிச்சம் சுவாசத்தில் வெப்பமாகப் போகிறது, அல்லது தின்னப்படாமல் சேற்றில் சேர்கிறது.

வெப்பமாகப் போனது திரும்பாது. சேற்றில் சேர்ந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றும். ஆற்றல் ஒருவழியில் ஓடுகிறது, பொருள் சுழல்கிறது. மாணவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நான் தேர்வுத்தாளில் அதிகம் காணும் பிழை.

இப்போது எடைக்கணக்குக்கு வருகிறேன். கடல்நீரில் மிதக்கும் நுண்பாசியை ஒரு குறிப்பிட்ட நாளில் அள்ளி எடைபோட்டால், அதைத் தின்னும் மிதவை விலங்குகளின் எடையைவிடக் குறைவாக இருப்பதுண்டு. பாசியை அடியிலும் தின்பவற்றை மேலேயும் வைத்து வரையும் கூம்பு தலைகீழாக நிற்கும். விதி பொய்யாகிவிட்டதா? இல்லை. நுண்பாசி ஓரிரு நாளில் இரட்டிக்கிறது, பெருகும் வேகத்திலேயே தின்னப்படுகிறது, ஆகவே எந்த நேரத்திலும் கையிருப்பு குறைவாகத்தான் தெரியும். கையிருப்பு வேறு, ஓட்டம் வேறு. வாசகரின் முதல் கேள்விக்கு என்னுடைய விடை இதுதான். கழிமுகத்தில் ஒரு நாள் காலை கண்ணுக்குத் தெரிவது கையிருப்பு. குப்பத்து வலையில் ஆண்டு முழுதும் வருவது ஓட்டம். முன்பு கழிமுகத்திலேயே தொழில் செய்த குடும்பங்கள் இன்று ஒப்பந்தக் கூலிக்குப் போகின்றன என்றால், அது ஓட்டம் சுருங்கியதற்கு வந்த கணக்கு.

பிப்ரவரி 6, இன்னொன்று

வஞ்சிரம் ஏன் விலை அதிகம், மத்தி ஏன் மலிவு என்று மேலே கேட்டவருக்கு: ருசியும் தேவையும் ஒரு காரணம், மட்டம் இன்னொரு காரணம். மத்தி மிதவை உயிர்களைத் தின்கிறது, வஞ்சிரம் மத்தி போன்றவற்றைத் தின்கிறது. ஒரு படி மேலே போகும்போது கடலில் இருக்கக்கூடிய அளவே பல மடங்கு சுருங்கிவிடுகிறது. பாதரசம் போன்றவை மட்டும் மேலே போகப்போகச் சுருங்காமல் செறிகின்றன, ஏனென்றால் உடல் அவற்றை எளிதில் வெளியேற்றுவதில்லை.

பிப்ரவரி 9

இறாலைப் பற்றி எழுதாமல் எண்ணூரைப் பற்றி எழுதியதாக ஆகாது.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு சில வாரங்கள் பல உருமாற்றங்களைக் கடந்து, ஒரு சென்டிமீட்டர் அளவில், ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. உள்ளே கலங்கல் நீர், ஒதுங்கச் செடிவேர், தின்ன மட்கிய துணுக்கு, துரத்தும் பெரிய மீன் குறைவு. சில மாதங்கள் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போய்விடுகிறது. ஆகவே நடுக்கடலில் விசைப்படகு இழுத்துவரும் இறாலும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கழிமுகத்தின் சேற்றில் வளர்ந்ததுதான். எல்லைக்கோடு போட்டு இது கழிமுகச் சூழல்மண்டலம், அது கடல் சூழல்மண்டலம் என்று பிரிப்பது நம் வசதிக்குத்தான், இறால் அந்தக் கோட்டைத் தன் வாழ்நாளில் இரண்டு முறை தாண்டுகிறது.

இதற்கு மூன்று வேண்டும்: வாய் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆழம் வேண்டும், புதைந்துகொள்ளச் சேறு வேண்டும்.

வாய்: நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதம் திசை மாறுகிறது, நிகரக் கணக்கு வடக்குப் பக்கம்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது, வடக்கே இராயபுரத்திலிருந்து கரை அரிக்கத் தொடங்கியது. கல்லைக் கொட்டித்தான் இன்றும் நம் பக்கத்துக் கரையைக் காக்கிறோம். எண்ணூர் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஏறுவதும் இறங்குவதும் இந்த நகர்வோடும் ஆற்றின் வெள்ளத்தோடும் பிணைந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டிய பிறகு கொசஸ்தலையாற்று நீரில் பெரும்பகுதி நகரத்தின் குடிநீராகிறது. அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்துக்கு வெளியே வாயைத் தள்ளித் திறந்து வைக்கும் நன்னீர் ஆற்றில் அநேகமாக இல்லை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிஞ்சினால் ஏறத்தாழ ஒரு மீட்டர். இவ்வளவு சிறிய ஏற்றவற்றத்தை நம்பி வாழும் ஒரு கழிமுகத்துக்கு வாயில் அரை மீட்டர் மணல் ஏறுவதுகூடப் பெரிய செய்தி.

ஆழமும் சேறும்: அனல் மின்நிலையச் சாம்பலைக் குழம்பாகக் கொண்டுபோகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, கழிமுகத்தின் சில பகுதிகளில் சாம்பல் படிந்து கெட்டியாகிக் கிடப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. சாம்பல் விழுந்த இடத்தில் கால் வைத்தவருக்கு வேறுபாடு தெரியும். நல்ல சேறு காலை உள்ளே வாங்கி வழுக்கும், சாம்பல் படுகை மேலே இறுகி நிற்கும், கால் பட்டால் மாவாக எழும்பும். பகலில் புதைந்து இரவில் வெளிவரும் இறாலுக்கு அது வீடாகாது.

இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்து, வாயில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கருவியும் இல்லாத இந்த முறையில் சேற்றின் பதமும் நீரின் சூடும் உப்பும் கைக்கு நேரடியாகத் தெரிகின்றன. எந்தப் பக்கம் படுகை இறுகிவிட்டது என்பதை எந்த ஆய்வறிக்கைக்கும் முன்னால் சொன்னவர்கள் அவர்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அவர்கள் சொன்னதை அளவையாக எடுத்துக்கொள்ளாமல் புலம்பலாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பிப்ரவரி 9, இரவு

மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்று ஒருவர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நல்ல ஏற்பாடுதான். அது முட்டையிடும் காலத்தைக் காக்கிறது. குஞ்சு வளரும் இடத்தை அது காக்காது. பிறக்கும் அளவைக் கூட்டிவிட்டு வளரும் இடத்தைக் குறைத்தால் பிடிபடுவது கூடாது. ஓர் உயிரினத்தின் தாங்குதிறன், அதாவது அது எவ்வளவு பெருக இடமுண்டு என்பது, அதன் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் இடம் மிகக் குறுகலோ அந்தக் கட்டத்தால்தான் முடிவாகிறது.

பிப்ரவரி 12

காக்கா ஆழி என்ற சிப்பி வகையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதிலும் ஒரு கேள்வி கூர்மையானது: ஆழி நீரை வடிகட்டும் உயிர்தானே, அழுக்கு நீரைத் தெளியவைக்குமே, அது பெருகினால் நல்லதுதானே?

முதலில் அது எது என்று சொல்லிவிடுகிறேன். மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்ற கறுப்பு நிறச் சிறு ஆழி, மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்கள் சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் நீரை ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் இறக்குகின்றன. அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத ஆழிக்குஞ்சுகளும் பயணம் செய்கின்றன. இந்த நீரைச் சுத்திகரித்து இறக்க வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே 2017 செப்டம்பரில்தான். மூன்று துறைமுகங்கள் அடுத்தடுத்து இருக்கும் கரை நம்முடையது. இப்போது இது எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை பரவியிருக்கிறது.

வடிகட்டுவது உண்மை. ஆனால் வடிகட்டியது எங்கே போகிறது? தின்னாததை ஆழி சளியில் உருட்டி அடியில் தள்ளிவிடுகிறது. மேலே நீர் தெளிகிறது, கீழே கழிவு குவிகிறது, அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் சேற்றின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. அத்தோடு இது ஒன்றோடொன்று நார்களால் பின்னிக்கொண்டு சேற்றின் மேல் பாயாகப் படர்கிறது. மஞ்சள் மட்டி மேலே வந்து மூச்சுவிட வழியில்லை, இறால் புதைய இடமில்லை, மடவை உறிஞ்சுவதற்குச் சேற்றின் மேல்தோலே இல்லை. கையால் தடவிப் பிடிப்பவரின் விரல்களைக் கிழிக்கிறது. நான் அந்தப் பாயில் ஒரு முழத் துண்டைப் பெயர்த்துப் புரட்டிப் பார்த்தேன். மேல்பக்கம் நெருக்கமாக உயிருள்ள ஆழி, அடிப்பக்கம் செத்த ஓடும் மைக்கறுப்புச் சேறும், ஒரு புழுகூட இல்லை. உயிர்ப்பொருளின் எடையை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு முழ இடம் முன்பைவிடச் செழிப்பானது என்றுதான் கணக்கு வரும்.

ஓர் இனம் இப்படி இடம் முழுவதையும் பிடித்துக்கொள்வது ஏன் எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்பதற்கு ராபர்ட் பெய்ன் 1966இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக் கரையில் ஒரு பகுதியிலிருந்து ஒரே ஒரு வகை நட்சத்திர மீனைத் தொடர்ந்து அகற்றிவந்தார். அது தின்றுவந்த ஆழி தடையின்றிப் பெருகிப் பாறையை மூடியது, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகின. தின்பவர் இல்லாமல் போனால் பலவீனமானவை முதலில் வெளியேற்றப்படுகின்றன. வெளியிலிருந்து வந்த காக்கா ஆழியின் பெருக்கத்துக்கு ஈடுகொடுத்துத் தின்று கட்டுப்படுத்தும் உயிர் இங்கே எதுவும் தெரியவில்லை, ஆகவே நட்சத்திர மீனை அகற்றிய பாறையின் நிலையில்தான் நம் கழிமுகம் தொடங்கவே செய்கிறது.

பிப்ரவரி 13

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காக்கா ஆழியை மட்டும் குற்றவாளியாக்கினால் அது வசதியான முடிவாகிவிடும். உப்பும் வெப்பமும் ஏறி இறங்கும் இடத்தில், பழைய குடிகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடத்தில், புதிதாக வருவது எளிதாகக் காலூன்றும். மின்நிலையத்தின் வெந்நீரும் சாம்பலும் எண்ணெயும் இடத்தைக் காலி செய்து வைத்தன. வாரி அகற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் காலியிடத்தை மீண்டும் முதலில் நிரப்பப்போவது எது என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 16

கசிந்த எண்ணெய்தான் அள்ளப்பட்டுவிட்டதே என்று சிலர் சொல்லும் வாதத்துக்கு இதுவரை நேராக விடை எழுதவில்லை.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரைக்கு வந்த எண்ணெயை வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தது, மீனவர்கள் படகில் போய்க் குவளையால் மொண்டார்கள். மேலே மிதந்ததில் ஒரு பகுதி போனது. சேற்றில் இறங்கியது அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் விரைவாக வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், அது சேற்றுக்குள் இல்லை என்று முன்பே சொன்னேன்.

அலையாத்தி, மண்ணுக்குள் காற்றில்லாததால்தான் மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. அந்த வேரின் தோலில் கண்ணுக்குத் தெரியும் சிறு துளைகள் வழியாக, நீர் வற்றிய நேரத்தில் காற்றை இழுக்கிறது. எண்ணெய் பூசினால் துளை அடைபடும். மரம் அன்றே வாடாது. இருப்பை வைத்துக்கொண்டு பல மாதங்கள் பச்சையாக நின்றுவிட்டு, பிறகு இலை உதிர்க்கும். சில நேரம் பட்டுப்போக ஆண்டுகள் ஆகும். பாலத்திலிருந்து தெரிந்த பச்சை இன்றைய நிலையைச் சொல்வதாக இருக்கலாம், கடந்துபோன நிலையைச் சொல்வதாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கப் புதுக் கன்று முளைக்கிறதா என்று கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 16, பின்னிரவு

புதுக் கன்று என்றதும் நடவுத் திட்டத்தை ஒருவர் நினைவூட்டுகிறார். நடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மரமில்லாத சேற்றுத்திட்டு வெற்றிடம் என்ற எண்ணம் தவறு. உள்ளான் பறவைகள் அலகால் குத்தித் தேடுவதும், புழுவும் மட்டியும் வாழ்வதும், நுண்பாசி வெயில் காய்வதும் அந்தத் திறந்த திட்டில்தான். அங்கே மரம் நட்டால் ஒரு வாழிடத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்கிறோம். அலையாத்தி தன் விதையைத் தானே நீரில் விட்டுத் தகுந்த உயரத்தில் தானே ஊன்றிக்கொள்ளும். ஏற்றநீர் தடையின்றி வந்துபோனால் நடவுக்குத் தேவையே அநேகமாக இருக்காது, வந்துபோகாத இடத்தில் நட்டது பிழைக்காது.

பிப்ரவரி 20

கொளத்தூரிலிருந்து ஒருவர், ரெட்டேரியில் ஆகாயத்தாமரை படர்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார். உண்டு, அதே கணக்கின் மறுபக்கம். எண்ணூரில் ஓட்டம் தடைபடுகிறது. கழிவுநீர் கலக்கும் ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அளவுக்கு மீறி ஓடிவருகின்றன, அவற்றை உண்டு ஆகாயத்தாமரையும் பாசியும் பெருகுகின்றன. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது, இரவில் பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன, விடியும் நேரத்தில் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்துவிடுகிறது. மீன்கள் நள்ளிரவுக்குப் பின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், காலையில் செத்து மிதப்பதும் இதனால்தான். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பும். காலை பத்து மணிக்கு நீர் எடுத்துச் சோதித்தால் ஆக்சிஜன் நன்றாகவே இருக்கும், ஆகவே அந்தப் பேச்சு நிலைத்தும் விடும். சோதிக்க வேண்டியது சூரியன் உதிப்பதற்கு முன்.

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: சரி, பாலத்திலிருந்து பார்த்தால் போதாது என்றால் எதைப் பார்ப்பது, சாதாரண மனிதர் பார்க்க முடியுமா?

முடியும். மீட்சி எல்லா மட்டத்திலும் ஒரே வேகத்தில் வராது. நுண்ணுயிர் நாட்களில் மாறும், புழுவும் சிறு நண்டும் மாதங்களில், மட்டி ஆண்டுகளில், மரம் பத்தாண்டுகளில். ஆகவே விரைவாக மாறுவதையும் அடித்தளத்தில் இருப்பதையும் பார்ப்பது நல்லது. நண்டு வளை இரண்டுக்கும் பொருந்தும். நீர் நன்றாக வற்றும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாள், வற்றம் முடியும் நேரத்துக்குச் சற்று முன்பாக இறங்குங்கள். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரமாக நான்கு மூங்கில் குச்சியைக் கயிற்றால் கட்டி எடுத்துச் செல்லுங்கள். மரத்தடியில் ஓரிடம், திறந்த திட்டில் ஓரிடம், சாம்பல் படிந்ததாகத் தெரியும் பக்கம் ஓரிடம். வாய் திறந்திருக்கும் வளைகளை மட்டும் எண்ணுங்கள். பக்கத்தில் புதிய மண் உருண்டை கிடந்தால் அது குடியிருக்கும் வளை. ஒவ்வோரிடத்திலும் சேற்றை ஒரு விரல் நீளம் வெட்டிப் பழுப்புப் பட்டை எவ்வளவு என்று அளவுகோலால் பாருங்கள். காக்கா ஆழி இருந்தால் சதுரத்தில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்று குறியுங்கள். மூச்சுவேர்களுக்கு நடுவே இரண்டு இலைக் கன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே இடங்கள், அதே வற்றம், மாதம் ஒருமுறை. கோடையில் உப்பு ஏறும், ஐப்பசி மழையில் நன்னீர் வந்து எல்லாம் தலைகீழாகும், ஆகவே ஓராண்டுச் சுற்று முடியாமல் கூடியது குறைந்தது என்று முடிவுக்கு வரக் கூடாது. தனியாக இறங்காதீர்கள், குப்பத்தில் யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். சாம்பல் படுகையில் மேலே இறுகலாகத் தெரியும் இடம் சில இடங்களில் திடீரென்று உள்வாங்கும், ஆழிப் பாயின் மேல் வெறுங்காலோடு நடந்தால் கால் கிழியும். எங்கள் பள்ளி மாணவர்கள் காட்டுக்குப்பத்துப் பக்கம் மார்ச் மாதத்து அமாவாசையில் தொடங்குகிறார்கள். எண்ணியதை இங்கேயே எழுதுகிறோம், பழவேற்காட்டுப் பக்கம் யாராவது இதே முறையில் எண்ணினால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.